கடற்பாசி உரமா, எருவா, முருங்கைச் சாறா: வேலூர்த் தோட்டத்துக்கு எது கட்டுப்படியாகும்?

வேலூரிலிருந்து சென்னைக் கடற்கரைக்கு ஏறக்குறைய 140 கிலோமீட்டர். இருந்தும் காட்பாடி, குடியாத்தம் பக்கம் உரக்கடைகளில் கடற்பாசித் திரவம் இரண்டு மூன்று கம்பெனிப் பெயரில் அலமாரியில் நிற்கிறது. மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். கத்திரி, தக்காளி போடுகிறவர்களுக்குக் கடைக்காரரே மருந்தோடு சேர்த்து எடுத்து வைக்கிறார். அந்தப் பணத்தைப் பாட்டிலுக்குக் கொடுப்பதா, எருவுக்குக் கொடுப்பதா, இல்லை வீட்டிலேயே பஞ்சகவ்யமோ முருங்கைச் சாறோ செய்துகொள்வதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடற்பாசி நல்ல பொருள்தான், ஆனால் தழை, மணி, சாம்பல் சத்து என்ற பேரூட்டத்துக்காக அதை நம்பக் கூடாது. நாற்று நட்ட வாரம், மொட்டு விடும் வாரம், வெயிலில் செடி வாடித் தேறும் வாரம் ஆகிய மூன்று நேரத்திலும் அது போட்ட காசுக்கு மேல் வேலை செய்யும். மற்ற நாட்களுக்கு அதே காசை எருவில் போடுவதுதான் லாபம்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது

நம் ஊர்க் கடைகளில் வரும் திரவங்களில் உள்நாட்டுச் சரக்கு பெரும்பாலும் இராமநாதபுரம் கடலோரத்தைச் சார்ந்தது. மண்டபம், பாம்பன் பக்கம் மூங்கில் மிதவைகளில் கப்பாஃபைகஸ் என்ற சிவப்புப் பாசியை வளர்க்கிறார்கள். சுமார் 45 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். அந்த வேலையில் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பச்சைப் பாசியைப் பிழிந்து சாறு எடுத்து உரமாக்கலாம், மிஞ்சிய சக்கையிலிருந்து உணவுத் தொழிலுக்குத் தேவையான காரஜீனன் எடுக்கலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம். அதன் கிளை நிலையம் மண்டபத்திலேயே இருக்கிறது. வெளிநாட்டுச் சரக்கு என்றால் பெரும்பாலும் வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த கரைகளில் விளையும் அஸ்கோஃபில்லம் என்ற பழுப்புப் பாசி. இணையத்தில் கறுப்புப் பொடியாகவோ செதிலாகவோ விற்பது பெரும்பாலும் இதுதான்.

இரண்டிலும் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகக் குறைவு, சாம்பல் சத்து கொஞ்சம் உண்டு. இவற்றின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. சைட்டோகைனின், ஆக்சின் போன்ற வளர்ச்சி ஊக்கிகள், நீர் வற்றும்போது செல்லைக் காக்கும் பீட்டெய்ன் வகைப் பொருள்கள், கூடவே நுண்ணூட்டங்கள். இவை எல்லாமே மிகச் சிறிய அளவில் வேலை செய்பவை. அதனால்தான் லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மூன்று மில்லி போதும் என்கிறார்கள்.

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம். (வீரிய ஒட்டு அல்லாத) ரகக் கத்திரிக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையில் தழைச்சத்து ஹெக்டேருக்கு 100 கிலோ, அதாவது ஏக்கருக்கு 40 கிலோ. ஏக்கருக்கு ஒரு தெளிப்புக்கு 250 மில்லி கடற்பாசித் திரவம் போகிறது என்று வையுங்கள். அதில் தழைச்சத்து நூற்றுக்கு ஒன்று இருப்பதாகத் தாராளமாகவே எடுத்துக்கொண்டாலும் கிடைப்பது இரண்டரை கிராம். பயிருக்குத் தேவை நாற்பது கிலோ, பாட்டிலில் இருப்பது இரண்டரை கிராம்! இதைப் பார்த்த பிறகும் ‘எரு வேண்டாம், கடற்பாசி அடித்தால் போதும்’ என்று யாராவது சொன்னால் அவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

மறுபக்கம், மக்கிய தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் அரை சதவீதம். ஏக்கருக்கு பத்து டன் கொட்டினால் மொத்தம் ஐம்பது கிலோ. எல்லாம் ஒரே போகத்தில் பயிருக்குக் கிடைத்துவிடாது, ஆனாலும் கணக்கு எங்கே நிற்கிறது என்பது தெரிகிறதல்லவா. கடலைப் பிண்ணாக்கு நூறு கிலோவில் ஏழு கிலோ, வேப்பம் பிண்ணாக்கில் ஐந்து கிலோ அளவுக்கு வரும்.

பச்சைப் பாசி, குருணை, திரவம்

பச்சைப் பாசியை மூட்டையில் கட்டிக்கொண்டு வந்து எருக்குழியில் போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கடலோரத்தில் தென்னைக்கு அப்படிப் போடுவது உண்டு, அவர்களுக்கு அது சரி. வேலூருக்கு வேண்டவே வேண்டாம் என்பேன். அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், கூடவே உப்பும் மணலும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசினால்தான் உப்புப் போகும், கோடையில் அவ்வளவு நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? பெரிய ஊர்களின் கழிவு கலக்கும் கடற்கரையில் ஒதுங்கும் பாசியை எடுப்பது இன்னும் தவறு. சர்காசம் போன்ற பழுப்புப் பாசிகள் ஆர்சனிக் உள்ளிட்ட உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்பவை. அது போக, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே பாசி பறிப்பதற்குக் கட்டுப்பாடு இருப்பது நியாயமானது, பவளப்பாறையும் மீன்குஞ்சும் அந்தப் பாசிக் காட்டை நம்பித்தான் இருக்கின்றன. மிதவையில் வளர்த்த பாசியிலிருந்து எடுத்த சரக்கையே வாங்குவேன். அதிலும் ஒரு கவலை இருக்கிறது. கப்பாஃபைகஸ் பிலிப்பைன்ஸ் கடலைச் சேர்ந்தது, குருசடைத் தீவுப் பக்கம் பவளத்தின் மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கே வளர்க்கிறார்கள், அறுந்து போகாமல் எப்படிக் காக்கிறார்கள் என்பது உரம் வாங்குகிற நமக்கும் சம்பந்தமில்லாத விஷயம் இல்லை.

குருணையைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலான குருணைகளில் களிமண் போன்ற ஒரு தாங்குபொருளின் மேல் கடற்பாசிச் சாறு ஏற்றப்பட்டிருக்கும். மூட்டை எடையைப் பார்த்து உரம் நிறைய இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. தூவுவது எளிது என்பதற்காக அவ்வளவு விலை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காசுக்கு வேப்பம் பிண்ணாக்கு வாங்கினால் தழைச்சத்தும் கிடைக்கும், நூற்புழுவுக்கும் கொஞ்சம் கட்டுப்பாடு.

ஆக, கடற்பாசி என்றால் திரவம், இல்லையென்றால் கரையும் பொடி. இலையில் தெளிக்கலாம், நாற்றின் வேரை நனைத்து நடலாம்.

வீட்டில் செய்யும் கரைசல்களோடு வைத்துப் பார்த்தால்

உண்மையான போட்டி இங்கேதான். எருவோடு கடற்பாசியை ஒப்பிடுவது அடுப்பையும் விளக்கையும் ஒப்பிடுவது மாதிரி, இரண்டும் வேறு வேறு வேலைக்கு. ஆனால் பஞ்சகவ்யம், தேமோர், முருங்கைச் சாறு, மீன் அமிலம் ஆகியவை கடற்பாசித் திரவத்தின் அதே இடத்துக்கு வருபவை.

பஞ்சகவ்யத்தைக் கொடுமுடி டாக்டர் நடராஜன் பரவலாக்கினார், வேளாண் பல்கலைக்கழகமும் மூன்று சதவீதத் தெளிப்புக்குப் பரிந்துரைக்கிறது. பத்து லிட்டர் டேங்குக்கு 300 மில்லி. மாடு வைத்திருப்பவர்களுக்கு இது அருமையான பொருள். மாடு இல்லாதவர்கள் பட்டியலைக் கவனமாகப் படியுங்கள். பல்கலைக்கழக முறையில் சாணம் ஏழு கிலோ, நெய் ஒரு கிலோ, கோமியம் பத்து லிட்டர், பால் மூன்று லிட்டர், தயிர் இரண்டு லிட்டர், இளநீர் மூன்று லிட்டர், வெல்லம் மூன்று கிலோ, பூவன் பழம் ஒரு டஜன். தயாராக ஒரு மாதம். இன்றைய விலைக்கு நெய்யும் பாலும் மட்டுமே எவ்வளவு ஆகும் என்று மனதுக்குள் கூட்டிப் பாருங்கள். ‘வீட்டிலேயே செய்வதால் செலவில்லை’ என்பது மாட்டுக்காரர் சொல்ல வேண்டிய வார்த்தை. மாடிக்கு நாலு தொட்டி வைத்திருப்பவருக்கு நூறு மில்லி கடற்பாசி பாட்டில் இதைவிட மலிவு. வடிகட்டுவதும் ஒரு வேலை, துணியில் இரண்டு முறை வடிக்காவிட்டால் ஸ்பிரேயர் நாசில் அடைத்துக்கொள்ளும்.

தேமோர் கரைசல் எனக்குப் பிடித்தது. புளித்த மோரும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஒரு வாரம் ஊறவிடுவது. தேங்காயின் இளநீரில் சைட்டோகைனின் இருப்பது நன்றாகத் தெரிந்த செய்தி, திசு வளர்ப்புக் கூடங்களில்கூட இளநீரைப் பயன்படுத்துகிறார்கள். பூ உதிர்வதைக் குறைக்க விவசாயிகள் இதை நம்பி அடிப்பதில் அர்த்தம் இருக்கிறது. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் தென்னை வைத்திருப்பவர்களுக்கு முதிராமல் விழுந்த காய்களுக்கும் ஒரு வழி கிடைக்கும்.

இதையெல்லாம் விடக் கடற்பாசிக்கு நெருக்கமான மாற்று நம் வீட்டுக் கொல்லையிலேயே நிற்கிறது. முருங்கை இளந்தழையில் ஜியேட்டின் என்ற சைட்டோகைனின் நிறைய உண்டு. இளம் இலையையும் கொழுந்தையும் கொஞ்சம் தண்ணீர் விட்டு இடித்துப் பிழிந்து, மெல்லிய துணியில் வடிகட்டி, முப்பது மடங்கு தண்ணீர் கலந்து தெளிக்க வேண்டும். ஒரு லிட்டர் சாறுக்கு முப்பது லிட்டர் தண்ணீர். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். ஒரே நிபந்தனை, பிழிந்த அன்றே, சில மணி நேரத்துக்குள் அடித்துவிட வேண்டும். வைத்தால் கெடும். கால் ஏக்கருக்குள் காய்கறி போடுகிறவருக்கு, வேலி ஓரம் இரண்டு முருங்கை இருந்தால், பாட்டில் வாங்கத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். இரண்டு ஏக்கருக்கு இடித்துப் பிழிவது ஆகாத காரியம், அங்கே பாட்டில் ஜெயித்துவிடும். கூலி ஆள் கிடைக்காத காலத்தில் அளந்து ஊற்றி அடித்துவிட்டுப் போகலாம் என்பது சின்ன வசதி அல்ல.

மீன் அமிலம் வேறு வகை. மீன் கழிவும் வெல்லமும் சம அளவு போட்டு மூன்று வாரத்துக்கு மேல் ஊறவைப்பது. அது தழைச்சத்துக் கொடுப்பது, கீரைக்கும் வளரும் பருவத்துக்கும் நல்லது. பூக்கும் நேரத்தில் அதிகம் அடித்தால் இலைதான் ஓடும். மாடியில் பூனைத் தொல்லையும் பக்கத்து வீட்டுச் சண்டையும் தனி.

எந்தப் பயிருக்கு எது

இந்த மாவட்டத்தின் பெருமை இலவம்பாடி முள்ளுக் கத்திரி. 2023இல் வேலூர் முள்ளுக் கத்திரிக்காய் என்று புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது. அணைக்கட்டுப் பக்கம் இதைப் போடுகிறவர்களுக்குக் கடற்பாசித் திரவம் கட்டுப்படியாகும் என்றே நினைக்கிறேன். கத்திரியில் மாதக்கணக்கில் தொடர்ந்து பறிப்பு இருக்கிறது. ஒரு பூப்பு கூடுதலாக நின்றால் அடுத்தடுத்த பறிப்பில் அந்தச் செலவு திரும்பி வரும். எப்போது அடிப்பது? நாற்றைப் பிடுங்கியதும் லிட்டருக்கு மூன்று மில்லி கரைசலில் வேரைக் கால் மணி நேரம் நனைத்து நடுங்கள், வேர் பிடிப்பது சுறுசுறுப்பாகும். அப்புறம் முதல் மொட்டு தெரியும்போது ஒரு தெளிப்பு, இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொன்று. அதற்குமேல் வாராவாரம் அடிப்பது கடைக்காரருக்குத்தான் லாபம். தண்டு, காய் துளைப்பானை இது ஒன்றும் செய்யாது. நுனி வாடினால் கிள்ளி எரிப்பதும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும்தான் வழி.

மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, நான் கடற்பாசியைச் சொல்ல மாட்டேன். செம்மண் கொல்லையில் காய் திரட்சியாக வேண்டுமென்றால் தேவை சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும். இரண்டும் ஜிப்சத்தில் இருக்கின்றன. இறவையில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம், 40 முதல் 45 நாளில் மண் அணைக்கும்போது போடச் சொல்கிறார்கள். ஜிப்சம் போடாமல் கடற்பாசி அடிப்பது பொக்குக்காய்க்கு மருந்தாகாது. ஜிப்சமும் போட்டு, விதையில் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரமும் கலந்து, அதற்கு மேலும் கையில் காசு இருந்தால் பூக்கும் நேரத்தில் ஒரு தெளிப்பு அடித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

நெல்லுக்குக் கப்பாஃபைகஸ் சாறு தெளித்து விளைச்சல் கூடியதாகச் சோதனைகள் உண்டு. ஆனால் அந்தச் சோதனைகளில் பிழிந்த சாற்றையே நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பங்கு வரை கலந்து தெளித்தார்கள். கடைப் பாட்டிலின் அளவும் சரக்கின் செறிவும் வேறு. ஒன்றின் பலனை மற்றொன்றுக்கு அப்படியே ஏற்றிச் சொல்லும் துண்டறிக்கைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, விவசாயியின் கைக்காசு அதில் போகிறது. கழனிக்கு முதலில் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள்.

மாடித்தோட்டத்தில் கதை மாறுகிறது. தொட்டியில் மண் குறைவு, வேருக்கு ஓட இடமில்லை, கத்திரி வெயிலில் தளத்தின் சூடு கீழிருந்தும் ஏறுகிறது. வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். 35 டிகிரிக்கு மேல் போனாலே தக்காளியில் மகரந்தம் பலமிழந்து பூ உதிரத் தொடங்கும். இந்த நிலையில் கடற்பாசி செடியைத் தாங்கிப் பிடிக்கும், ஆனால் வெயிலை ஜெயிக்காது. ஆகவே மாடிக்கு என் வரிசை இப்படி: முதலில் பச்சை நிழல்வலை, அடுத்து தொட்டியின் மேல் காய்ந்த சருகு மூடாக்கு, மூன்றாவதாக மாதந்தோறும் ஒரு பிடி மண்புழு உரம், அதன் பிறகே கடற்பாசி. கையில் இருக்கும் காசு வலைக்கா பாட்டிலுக்கா என்றால் வலைக்குக் கொடுங்கள். மாநகராட்சியின் நுண்ணுர மையங்களில் செய்யும் கம்போஸ்ட் கிடைத்தால் அதையும் விட்டுவிடாதீர்கள், கண்ணாடி, பிளாஸ்டிக் துண்டு இருக்கிறதா என்று சலித்துப் பார்த்துப் போடலாம்.

பாலாற்றுத் தண்ணீர்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரை உப்பாக்கிய கதை நாடறிந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை இன்றும் சுற்றுச்சூழல் வழக்குகளில் எடுத்துச் சொல்கிறார்கள். அந்தக் கிணறுகளை நம்பிப் பயிர் செய்பவர்கள் எதைப் போடுவதற்கு முன்பும் தண்ணீரைப் பரிசோதனை செய்துவிடுங்கள். விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, அங்கே போய் விசாரிக்கலாம். பரிசோதனைத் தாளில் உப்பளவைக் காட்டும் இ.சி. எண் 3ஐத் தாண்டியிருந்தால் சாதாரணக் காய்கறிக்கு அந்தத் தண்ணீர் சிரமம்தான்.

உப்பு நிலத்தில் பயிர் தாக்குப்பிடிக்கக் கடற்பாசித் தெளிப்பு உதவுகிறது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லி என்ற அளவில் அதன் உப்பும் ஒரு பொருட்டல்ல. ஆனால் அது மண்ணிலிருந்து உப்பை எடுக்காது. உப்பைக் கீழே இறக்க நல்ல மழைத் தண்ணீர் வேண்டும், வடிகால் வேண்டும், சோடியம் ஏறிய மண்ணுக்கு ஜிப்சம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக மக்கிய எரு வேண்டும். இப்படிப்பட்ட நிலம் வைத்திருப்பவருக்கு எருவா பாட்டிலா என்ற கேள்வியே எழக் கூடாது, எருதான். பொய்கைச் சந்தைப் பக்கம் மாட்டுச் சாணத்துக்குப் பஞ்சமில்லை. பச்சையாகக் கொண்டுவந்து கொட்டாமல் மூன்று நான்கு மாதம் மக்கவைத்துப் போடுங்கள். தெளிப்புக்குக் கலக்கும் தண்ணீர் மட்டும் உப்பில்லாததாக இருக்கட்டும், மழைநீர் பிடித்து வைத்திருந்தால் உத்தமம்.

வாங்கும்போது, அடிக்கும்போது

2021இல் மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தி உயிர் ஊக்கிகளையும் அதற்குள் கொண்டுவந்தது, கடற்பாசிச் சாறு அந்த வகைக்குள் வருகிறது. எனவே பாட்டிலில் என்ன பாசி, எவ்வளவு சாறு, எந்தப் பயிருக்கு என்ன அளவு, தயாரித்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். ‘கடல் சக்தி’ என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு உள்ளடக்கத்தைச் சொல்லாத பாட்டிலை அங்கேயே வைத்துவிடலாம். கறுப்பாக இருப்பது தரத்துக்கு அடையாளம் அல்ல, ஹியூமிக் அமிலம் கலந்தாலும் கறுப்பாகத்தான் இருக்கும். கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் வரும் இஃப்கோ உர நிறுவனத்தின் சாகரிகா என்ற கடற்பாசித் திரவத்தில் சாற்றின் அளவு லேபிளிலேயே இருக்கிறது, மற்றவற்றை அதோடு வைத்துப் பார்க்கலாம். லிட்டர் விலையைப் பார்க்காதீர்கள். ஒரு டேங்குக்கு எத்தனை மில்லி, அதற்கு எத்தனை ரூபாய் என்று போட்டால்தான் எது மலிவு என்பது விளங்கும்.

வெயில் ஏறுவதற்கு முன் காலையிலோ, மாலை நான்கு மணிக்குப் பிறகோ, காற்றில்லாத நேரத்தில், இலையின் அடிப்பக்கமும் நனையும்படி அடிக்க வேண்டும். வேறு மருந்தோடு கலப்பதாக இருந்தால் முதலில் ஒரு டம்ளரில் கலந்து பாருங்கள், திரிந்தால் சேர்க்காதீர்கள். அளவைக் கூட்டினால் பலன் கூடாது, வளர்ச்சி ஊக்கி அளவு மீறினால் செடி தடுமாறும்.

கடைசியாக ஒன்று. எதை அடித்தாலும் வயலில் இரண்டு வரிசையை அடிக்காமல் விடுங்கள், மாடியென்றால் இரண்டு தொட்டியை விடுங்கள். அவற்றுக்கும் அதே நேரத்தில் அதே அளவு வெறும் தண்ணீரைத் தெளியுங்கள். வெயில் காலத்தில் இலை நனைவதே செடிக்கு ஒரு தெம்பு, அந்தத் தெம்பைப் பாட்டிலின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஒவ்வொரு பறிப்பிலும் இரண்டு பக்கத்துக் காயையும் தனித்தனியாக எடை போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்து, கூடுதலாக வந்த கிலோவை உழவர் சந்தை விலையால் பெருக்குங்கள். வரும் தொகை பாட்டிலுக்கும் தெளிப்புக் கூலிக்கும் கொடுத்ததைத் தாண்டினால் அடுத்த போகத்துக்கும் வாங்குங்கள்.